வண்டி நிக்குது, தடம் புரளுது, கன்ட்ரோலர் கத்துது: மாடல் ரயில் லேஅவுட்ல எதை முதல்ல பாக்கணும்

எங்க வீடு சத்துவாச்சாரில, லேஅவுட் இருக்கிறது மாடில சிமெண்ட் ஷீட் போட்ட ரூம்ல, எட்டுக்கு நாலு ப்ளைவுட், எச்ஓ ஸ்கேல் (நிஜத்துல 87ல ஒரு பங்கு சைஸ்), காட்பாடி ஜங்ஷன் மாதிரி ஒண்ணு கட்டணும்னு ஆரம்பிச்சது, இப்ப பாத்தா காட்பாடியும் இல்ல ஜோலார்பேட்டையும் இல்ல, நடுவுல எங்கியோ நிக்குது. வேலூர் வெயிலும் தூசியும் சேர்ந்து இந்த ரூம்ல எனக்கு குடுக்காத பிரச்சனையே இல்ல, அதனால எந்த அறிகுறி வந்தா எதை பாக்கணும்னு எழுதி வெக்கிறேன்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். வண்டி ஓடலன்னா எல்லாரும் நேரா எஞ்சினைதான் கழட்டறாங்க. நானும் கழட்டினேன், ரெண்டு சாயந்திரம் உக்காந்து ஒரு டீசல் எஞ்சினை முழுசா பிரிச்சு மோட்டாரை தொடச்சு கியரை தொடச்சு திருப்பி மாட்டி வெச்சா அதே எடத்துல அதே மாதிரி நிக்குது, கடைசில பாத்தா தண்டவாளத்துல ரெண்டு துண்டை சேக்கற ஜாயினர் ஒண்ணு லூசு. வீட்டுக்காரம்மா எட்டி பாத்துட்டு “நிஜ காட்பாடில கூட வண்டி இவ்ளோ லேட் ஆவாது”ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. எஞ்சின் கடைசி. தண்டவாளம், ஒயர், சக்கரம், இதெல்லாம் முடிச்ச அப்பாலதான் ஸ்க்ரூ டிரைவரை கைல எடுக்கணும்.

வண்டி திக்கி திக்கி போகுது, இல்ல நின்னுடுது

இங்க ஒரே ஒரு கேள்வி: எங்க நிக்குது? லேஅவுட் முழுக்க அங்கங்க நிக்குதுன்னா அழுக்கு. எந்த எஞ்சினை விட்டாலும் ஒரே எடத்துல நிக்குதுன்னா அந்த எடத்துல கரண்ட் வரல. ஒரே ஒரு எஞ்சின் மட்டும் எல்லா எடத்துலயும் நிக்குதுன்னா அந்த எஞ்சின் சக்கரம். ரெண்டாவது எஞ்சின் இல்லன்னா கூட்டாளி கிட்ட ஒண்ணு கடன் வாங்கி ஓட்டி பாருங்க, அந்த ஒரு டெஸ்ட் ரெண்டு சாயந்திரத்தை மிச்சம் பண்ணும், எனக்கு யாரும் சொல்லல.

அழுக்குன்னா கண்ணுக்கு தெரியற தூசி மட்டும் இல்ல. சக்கரமும் தண்டவாளமும் தொடற எடத்துல சின்ன சின்ன பொறி வந்துகினே இருக்கும், அதுல ஒரு கருப்பு படலம் ஒட்டும், வெள்ளை துணில தொடச்சா மை மாதிரி வரும். இதுக்கு உப்பு தாள் போட்டு தேய்க்காதீங்க, தேச்ச அன்னைக்கு பளபளன்னு இருக்கும், ஆனா அந்த கீறல்ல அழுக்கு இன்னும் நல்லா உக்காரும், அடுத்த வாரம் முன்னைய விட மோசமா நிக்கும். மொபைல் சர்வீஸ் கடைல போர்டு தொடைக்க வெச்சிருக்கிற ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம் வாங்கி, பனியன் துணில நனைச்சு தொடைங்க. கையில தடவற சானிடைசர் வேணவே வேணாம், அதுல கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுன்னு ஆயிடும். சில பேர் மண்ணெண்ணெய்ல தொடைப்பாங்க, அதுவும் நல்லா வேலை செய்யும், ஆனா நல்லா காஞ்ச அப்பாலதான் கரண்ட் குடுக்கணும், பொறி வர்ற எடம் அது.

எஞ்சின் சக்கரம் தொடைக்க ஒரு டிஷ்யூ பேப்பரை ஐபிஏல லேசா ஈரமாக்கி (இதுவும் தீ புடிக்கிற திரவம்தான், சொட்ட சொட்ட நனைக்காதீங்க) தண்டவாளத்து மேல குறுக்கால போட்டு, எஞ்சினோட ஒரு பக்க போகியை (அடியில இருக்கிற சக்கர கூட்டை) மட்டும் அந்த பேப்பர் மேல வெச்சு, இன்னொரு பக்கம் வெறும் தண்டவாளத்துல இருக்க, கையால புடிச்சுக்கினு கரண்ட் குடுத்தா சக்கரம் அங்கியே சுத்தும், பேப்பர்ல ரெண்டு கருப்பு கோடு விழும். திருப்பி வெச்சு அந்த பக்கமும் பண்ணுங்க. கோடு வராத வரைக்கும் பேப்பரை நகத்திக்கினே போகணும்.

பித்தளை தண்டவாளம் வெச்சிருந்தா சீக்கிரம் கறுக்கும், அதோட கறை கரண்ட்டை விடாது. நிக்கல் சில்வர் கொஞ்சம் தாங்கும். பேர்லதான் சில்வர், உள்ள வெள்ளி ஒரு குண்டுமணி கூட கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

ஒரு எடத்துல மட்டும் ஸ்லோ ஆவுது, மீட்டர் வெச்சு பாத்தா 12 வோல்ட் காட்டுது

இதுல ஏமாறாத ஆளே இல்ல. மல்டிமீட்டர் கரண்ட் இழுக்காது, அதனால ஜாயினர் நூலிழை அளவுக்கு ஒட்டிக்கினு இருந்தாலும் முழு 12 வோல்ட்டும் காட்டும். எஞ்சின் வந்து நின்னு இழுக்கும்போதுதான் அந்த எடத்துல வோல்ட்டேஜ் படுத்துக்கும். அதனால மீட்டரை தள்ளி வெச்சுட்டு பைக் மெக்கானிக் கடைல இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு வாங்குங்க, 12 வோல்ட் 10 வாட், ரெண்டு ஒயர் சோல்டர் பண்ணிக்குங்க. கன்ட்ரோலரை முழுசா திருகி வெச்சு, ஃபீடர் ஒயர் (தண்டவாளத்துக்கு கரண்ட் கொண்டு வர்ற ஒயர்) இருக்கிற எடத்துல ரெண்டு தண்டவாளத்துலயும் பல்பு ஒயரை வெச்சு எவ்ளோ பளிச்சுன்னு எரியுதுன்னு பாருங்க, அப்படியே ஒவ்வொரு ஜாயினரா தாண்டி போங்க. எந்த ஜாயினர் தாண்டினதும் பல்பு மங்குதோ அதான் குத்தவாளி. 10 வாட் பல்பு முக்கால் ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால உங்க கன்ட்ரோலர் ஒரு ஆம்பியராவது குடுக்கணும், சின்ன பொம்மை செட் கன்ட்ரோலர்னா 5 வாட் பல்பு போதும்.

கண்டுபுடிச்சா அந்த ஜாயினரை மட்டும் நசுக்கி இறுக்கறது தற்காலிகம்தான், ஷீட் ரூம்ல ரெண்டு மாசம் தாங்காது. ஜாயினரை நம்பி கரண்ட் அனுப்பாதீங்க, அது தண்டவாளத்தை நேரா புடிக்கிறதுக்கு மட்டும்னு நினைச்சுக்குங்க. பலகைக்கு அடியில கன்ட்ரோலர்லருந்து ரெண்டு தடிமனான ஒயர் நீளமா ஓட்டி, மூணு அடிக்கு ஒரு தடவை மெலிசு ஒயரை மேல ஏத்தி தண்டவாளத்தோட வெளிப்பக்கம் சோல்டர் பண்ணுங்க. சிவப்பு ஒரு பக்கம், கருப்பு ஒரு பக்கம், கடைசி வரைக்கும் மாத்தவே கூடாது. லாங்கு பஜார்ல எலெக்ட்ரிகல் கடைல ரெண்டு கலரும் கிடைக்கும், இருக்கிற பச்சை ஒயரே போதும்னு ஆரம்பிச்சீங்கன்னா நாலு மாசம் கழிச்சு பலகைக்கு அடியில மல்லாந்து படுத்துக்கினு எது எதுன்னு தெரியாம அழுவீங்க.

இன்னொண்ணு, சைடிங்ல (பக்கத்துல ஒதுங்கற லைன்ல) கரண்ட்டே இல்லைன்னு சொல்றவங்க பாயின்ட் (வண்டிய வேற லைனுக்கு திருப்பற எடம்) எந்த பக்கம் திரும்பியிருக்குன்னு பாருங்க. சில பாயின்ட் தான் திரும்பியிருக்கிற பக்கத்துக்கு மட்டும்தான் கரண்ட் விடும், அது கோளாறு இல்ல, அப்படியே செஞ்சு வெச்சது. சின்ன எஞ்சின் மெதுவா போகும்போது பாயின்ட் நடுவுல மட்டும் நிக்குதுன்னா, தண்டவாளம் ரெண்டும் குறுக்க வெட்டிக்கிற அந்த மூக்கு பிளாஸ்டிக்கா இருக்கும், அதுல கரண்ட் கிடையாது. நாலு சக்கரத்துல மட்டும் கரண்ட் எடுக்கிற எஞ்சின்னா அங்க பட்டினிதான்.

கன்ட்ரோலர் கத்துது, கட் ஆவுது

ஷார்ட். தண்டவாளத்து மேல ஸ்க்ரூ டிரைவர், ஊசி, கழண்டு விழுந்த சக்கரம் எதாவது கெடக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, பாதி தடவை அதான். இல்லன்னா வண்டி எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் தண்டவாளத்துக்கு கரண்ட் குடுங்க. அப்பவும் கத்துதுன்னா ஒயரிங், ஃபீடரை ஒவ்வொண்ணா கழட்டிக்கினே வாங்க, எதை கழட்டினதும் கத்தறது நிக்குதோ அங்க சிவப்பும் கருப்பும் மாறியிருக்கு. வெறும் தண்டவாளத்துல அமைதியா இருந்து வண்டி பாயின்ட் ஏறும்போது மட்டும் கத்துதுன்னா சக்கரத்து நடுவுல இருக்கிற அகலம் தப்பு, அதை கீழ சொல்றேன்.

வேற ஒரு வகை இருக்கு. கிளம்பின வண்டி ஒரு வளையம் சுத்தி வந்து அதே லைன்லயே திரும்பி எதிர் பக்கமா போற மாதிரி டிராக் போட்டிருப்பீங்க, பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஆனா எடது தண்டவாளம் சுத்தி வந்து வலது தண்டவாளத்துல போய் முட்டும். அது ஷார்ட்தான், ரெண்டு தண்டவாளத்துல ரெண்டு துருவம் வெச்சு ஓட்டற வரைக்கும் தப்பிக்க முடியாது. அந்த வளையத்தோட ரெண்டு முனைலயும், ரெண்டு தண்டவாளத்துலயும், பிளாஸ்டிக் ஜாயினர் போட்டு தனியா பிரிச்சு, அதுக்கு மட்டும் துருவம் மாத்தற ஆறு கால் ஸ்விட்ச் ஒண்ணு குடுங்க. பிரிச்ச பகுதி உங்க நீளமான வண்டிய விட நீளமா இருக்கணும், இல்லன்னா எஞ்சின் ஒரு முனை தாண்டும்போது கடைசி பெட்டி சக்கரம் இன்னொரு முனைல இருந்து ரெண்டையும் சேத்துடும்.

டீசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டற முறை) வெச்சிருக்கிறவங்க ஒரு அஞ்சு ரூபா காயினை தண்டவாளத்துல குறுக்க வெச்சு பாருங்க, எச்ஓ அகலம் 16.5 மிமீ, காயின் அதை விட அகலம், நல்லா உக்காரும். வெச்ச ஒடனே சிஸ்டம் கட் ஆவணும். ஆவலன்னா அந்த எடத்துக்கு போற ஒயர் மெலிசு, நிஜமா ஷார்ட் ஆனா கட் ஆகாம சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கும். எஞ்சின் கூப்பிட்டா வரலன்னா 3ன்னு கூப்பிட்டு பாருங்க, எஞ்சின் உள்ள கட்டளைய வாங்கற சிப்தான் டீகோடர், புதுசுல எல்லாம் 3ங்கிற நம்பர்லதான் வரும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் கன்ட்ரோலர் உறுமுதுன்னா அது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆவாது. கரண்ட் வர்ற வரைக்கும் டீ குடிங்க.

தடம் புரளுது

மறுபடியும் அதே மாதிரி ஒரு கேள்வி. எல்லா பெட்டியும் ஒரே எடத்துல விழுதா, ஒரே பெட்டி எல்லா எடத்துலயும் விழுதா? மொதல் ரகம் தண்டவாளம், ரெண்டாவது ரகம் பெட்டி. இதை தீர்மானிக்காம எதையும் தொடாதீங்க.

பெட்டின்னா மொதல்ல சக்கரம். ஒரு அச்சுல இருக்கிற ரெண்டு சக்கரத்தோட உள்பக்க இடைவெளி எச்ஓல 14.4 மிமீ கிட்ட இருக்கணும், வெர்னியர்ல அளந்து பாருங்க. கம்மியா இருந்தா பாயின்ட்ல ஏறும், மேல சொன்ன ஷார்ட்டும் இதுலதான் வரும். லேசா முறுக்கி இழுத்தா நகரும். அடுத்தது எடை. வெறும் பிளாஸ்டிக் பெட்டி காத்துல ஆடற இலை மாதிரி, பத்து பெட்டி கட்டி வளைவுல இழுத்தா நடுவுல இருக்கிறது உள்பக்கமா சாயும். அமெரிக்கால என்எம்ஆர்ஏன்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க கணக்கு எச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அது மேல ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம்ம சென்னை ஐசிஎஃப் ஃபேக்டரி பெட்டி நிஜத்துல 21 மீட்டருக்கு கொஞ்சம் மேல, 87ஆல வகுத்தா 245 மிமீ, அதாவது ஒம்போதரை அங்குலம் சொச்சம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 165 கிராம் வருது. தராசுல வெச்சு பாத்தா அதுல பாதி கூட இருக்காது. டயர் கடைல வீல் பேலன்ஸ் பண்ண ஒட்டற அஞ்சு கிராம் பத்து கிராம் பட்டை இருக்கு பாருங்க, பின்னாடி பசையோட வரும், அதை வாங்கி பெட்டியோட தரைல, உள்ள, ரெண்டு போகிக்கும் சமமா ஒட்டுங்க. கூரைல ஒட்டி நல்லா கவுந்த ஒருத்தரை எனக்கு தெரியும், அது நான்தான்.

வளைவுல மட்டும் விழுதுன்னா வளைவு பத்தல. நல்லா ஓடணும்னா வளைவோட ஆரம் பெட்டி நீளத்தை போல மூணு மடங்கு இருக்கட்டும்னு ஒரு கைக்கணக்கு உண்டு. ஐசிஎஃப்க்கு அது 735 மிமீ. எட்டுக்கு நாலு பலகைல பாதி அகலமே 610 மிமீதான், ஓரம் விட்டா 550 தேறும். அதனால நம்ம வீட்டு பலகைல நீள பெட்டி ஓட்டறவங்க எல்லாருமே கொஞ்சம் ஏமாத்திக்கினுதான் ஓட்டறோம், கப்ளிங்கை பாடில மாட்டாம போகில மாட்டினா சமாளிக்கலாம். எடது வளைவு முடிஞ்ச ஒடனே வலது வளைவு வந்தா ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெட்டி நீளத்துக்கு நேர் துண்டு போடுங்க.

பாயின்ட்ல எல்லா வண்டியும் விழுதுன்னா ஒரு ஊக்கு எடுத்து நகர்ற பிளேடுக்கு நடுவுல நோண்டுங்க, ஒட்டின ஜல்லில ஒரு பொடி அங்க சிக்கியிருக்கும், பிளேடு முழுசா ஒட்டாம நூல் அளவு திறந்திருக்கும், சக்கரத்துக்கு அந்த நூல் போதும்.

சாயந்திரம் நல்லா ஓடினது மத்தியானம் புரளுது

இது வேலூர் ஸ்பெஷல். ஷீட் ரூம்ல காலைல 25 டிகிரி, மே மாசம் மத்தியானம் 45ஐ தாண்டும். எட்டு அடி நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடு ஏறினா முக்கால் மிமீ நீளும். முக்கால் மிமீதானேன்னு நினைக்காதீங்க, ரெண்டு முனையும் முட்டி நகர எடம் இல்லாம போச்சுன்னா அது பக்கவாட்டுல பல மடங்கா புடைச்சு வெளிய வரும், பாம்பு மாதிரி நெளியும். மார்கழில டிராக் போட்டவங்க ஜாயினர் ஜாயினருக்கு ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் சந்து விட்டு போடணும். சித்திரைல போட்டவங்க முட்டியே போடலாம், குளிர்ல தானா சந்து விடும். சந்து விட்ட எடத்துல சோல்டர் பண்ணாதீங்க, அதனாலதான் ஃபீடர் ஒயரை அங்கங்க குடுக்க சொன்னது. நிஜ ரயில்ல தடக் தடக்னு சத்தம் வந்ததே இந்த சந்துல சக்கரம் விழறதுலதான், இப்ப நீளமா வெல்டு வெச்ச தண்டவாளத்துல அந்த சத்தம் போச்சு, நம்ம லேஅவுட்ல மட்டும் மிச்சம் இருக்கு.

பலகையும் சும்மா இருக்காது. ஐப்பசி மழைல ப்ளைவுட் ஈரம் குடிச்சு உப்பும், வெயில்ல சுருங்கும். அடியும் ஓரமும் பெயிண்ட் அடிச்சு மூடிடுங்க.

ஏத்தத்துல வழுக்குது

நூத்துக்கு ரெண்டுக்கு மேல ஏத்தம் வெக்காதீங்க. எட்டு அடிக்கு 49 மிமீதான் ஏறும், ஒரு லைன் மேல இன்னொரு லைன் போகணும்னா அது பத்தாதுன்னு அப்பதான் புரியும், சுத்தி வரவிட்டுதான் ஏத்தணும். ஏத்தம் சரியா இருந்தும் வழுக்குதுன்னா சக்கரத்துல ரப்பர் பட்டை இருக்கான்னு பாருங்க, எண்ணெய் பட்டு வழவழன்னு ஆயிருக்கும், இல்ல காஞ்சு வெடிச்சிருக்கும்.

ஜல்லி மிதக்குது, மலை கரையுது, எறும்பு வருது

ஃபெவிகாலை தண்ணில கலந்து ஊத்தினா ஜல்லி அப்படியே உருண்டு மிதக்கும். மொதல்ல வெறும் தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு ஸ்ப்ரே பண்ணி நனைச்சுட்டு அப்பாலதான் பசையை சொட்டு சொட்டா விடணும். பாயின்ட் பிளேடு கிட்ட மட்டும் பசை வேணாம்.

ஜல்லிக்கு பாலாத்து மணல் எடுத்து சலிச்சு போடறவங்க நம்ம ஊர்ல நிறைய. அளவு சரியாதான் வரும், நிஜ ஜல்லி 65 மிமீனா எச்ஓல முக்கால் மிமீ, ரவை சைஸ். ஆனா போடறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மணல்ல நாலு தடவை உழுங்க, கருப்பா மீசை மாதிரி ஒட்டிக்கினு வரும். அது இரும்பு மணல். விட்டா ஒரு நாள் எஞ்சின் மோட்டார் காந்தம் அதை மேல இழுத்து உள்ள போட்டுக்கும், அப்பறம் நெறநெறன்னு சத்தம் வரும். நிஜ ரவையே போட்ட ஒரு தம்பிய தெரியும், பத்து நாள்ல வண்டு.

தெர்மாகோல் மலைல ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீங்க, அதோட கரைப்பான் தெர்மாகோலை தின்னுடும், கண்ணு முன்னால மலை பள்ளத்தாக்கு ஆயிடும். தண்ணில கலக்கற பெயிண்ட்தான். மைதா பசைல பேப்பர் ஒட்டி மலை பண்றவங்க பசைல கொஞ்சம் மயில்துத்தம் போடுங்க, புக் பைண்டிங் பண்றவங்க போடுவாங்க பாருங்க அதே, எறும்பு பூச்சி வராது, விஷம்ங்கறதால சின்ன புள்ளைங்க கைக்கு எட்டாம பாத்துக்குங்க.

மலை பொம்மை மாதிரி தெரியுதுன்னு கேக்கறவங்களுக்கு: பச்சை ஜாஸ்தி. ஆன்லைன்ல வர்ற புல் எல்லாம் வெளிநாட்டு பச்சை. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்ம ஊரை கிண்டல் பண்ணுவாங்களே, லேஅவுட்காரனுக்கு அது வரம், பழுப்பு பாறை, நடுவுல காஞ்ச புல்லு, ரெண்டு முள்ளு செடி, முடிஞ்சுது வேலை.

இதெல்லாம் பாத்தாச்சு, இன்னும் எஞ்சின் முனகுது

சரி, இப்ப கழட்டுங்க. பழைய எஞ்சின்னா கியர்ல கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், தொடச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனைல எடுத்து அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு. ஜாஸ்தி விட்டா அது வழிஞ்சு சக்கரத்துக்கு, அங்கிருந்து தண்டவாளத்துக்கு, மறுபடியும் மொதல் அறிகுறிக்கே வந்துடுவீங்க. தேங்காய் எண்ணெய் விட்டவர் ஒருத்தர் இருக்கார், வெயில் காலம் முழுக்க சூப்பரா ஓடுச்சாம், மார்கழி காலைல பாட்டில்ல எண்ணெய் உறைஞ்ச மாதிரி எஞ்சினும் உறைஞ்சு போச்சு. கழட்டற ஸ்க்ரூவை பழைய இட்லி தட்டுல குழிக்கு ஒண்ணா வரிசையா போட்டு வைங்க, மாட்டும்போது அதே வரிசைல திரும்பி வரலாம். தட்டை வீட்ல கேட்டுட்டு எடுங்க.